நானூற்றொன்றில் ஒன்று

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரை ஒட்டிய போர்கோ பானிகாலேயில், டுகாட்டி தொழிற்சாலை 1974-ஆம் ஆண்டில் ‘750 சூப்பர் ஸ்போர்ட்’ என்ற பெயரில் 401 மோட்டார் சைக்கிள்களைச் செய்து விற்றது. அவற்றில் சில பந்தயங்களில் அடிபட்டு உருக்குலைந்தன. சில, வசதி படைத்தவர்களின் கூடங்களில் கம்பளத்தின் மீது பார்வைக்கு நிற்கின்றன. சில இன்னும் சாலைகளில் ஓடுகின்றன. இவற்றையெல்லாம் தவிர மற்றொரு வகையும் உண்டு. சொந்தக்காரர் முதுமை எய்தியதாலோ, குடும்பத்தில் நேர்ந்த பாகப்பிரிவினையாலோ, வெறும் அசிரத்தையாலோ, டயரில் காற்றின்றி, டேங்கில் காய்ந்துபோன பெட்ரோலின் நெடியோடு, ஏதோ ஒரு கிடங்கின் மூலையில் பத்து, இருபது, முப்பது வருஷங்களாக யாருடைய காலும் படாமல் நின்றுகொண்டிருப்பவை அவை. நான் எழுத விரும்புவது இந்த வகையைப் பற்றித்தான். ஏனென்றால் மற்றவற்றின் விதி ஒருவாறு தீர்மானமாகிவிட்டது. இதன் விதியோ, அந்தக் கிடங்கின் கதவைத் திறக்கும் மனிதர் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் தம்மைத் தடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இந்த வண்டியின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, பொலோஞாவுக்குத் தென்கிழக்கே உள்ள இமோலாவில், சாலையில் விற்பனையாகும் வண்டிகளை ஆதாரமாகக் கொண்ட 750 சி.சி. யந்திரங்களுக்கென்று 200 மைல் பந்தயம் ஒன்று முதன்முதலாக நடந்தது. ஜாகோமோ அகோஸ்தினி எம்.வி. அகுஸ்தா வண்டியோடு வந்திருந்தார். அந்நாளில் அவர் கலந்துகொள்ளும் பந்தயத்தில் இரண்டாவது இடம் யாருக்கு என்பதே கேள்வியாக இருந்தது. ஹோண்டா, டிரையம்ப், நார்ட்டன், மோட்டோ குஸ்ஸி என்று பெரிய நிறுவனங்களெல்லாம் அணிவகுத்திருந்தன. சிறிய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கே பெயர்பெற்றிருந்த டுகாட்டியோ, இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்றை அப்போதுதான், அதற்கு முந்தைய ஆண்டில்தான், சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அந்த வண்டியின் சட்டத்தையும் எஞ்சின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, ஸ்டாண்டு மாட்டும் காதுகளைக்கூட வெட்டி எறியாமல், ஒரு சில மாதங்களில் பந்தய வண்டிகளை ஆயத்தம் செய்தார்கள். பால் ஸ்மார்ட் என்ற ஆங்கிலேயர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். டுகாட்டி அழைத்தபோது அவருக்குப் பதிலாகச் சம்மதம் சொன்னவர் அவருடைய மனைவி. தாம் கண்ணால் பார்த்திராத வண்டியில் ஏறுவதற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த அம்மனிதர் அன்று முதலாவதாக வந்தார். அவருடைய சகா புரூனோ ஸ்பாஜ்ஜாரி இரண்டாவதாக வந்தார். அகோஸ்தினி பந்தயத்தின் நடுவிலேயே விலக நேர்ந்தது. வென்ற வண்டியைப் போலவே தமக்கும் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். தொழிற்சாலை தருவதாகச் சொன்னது. சொன்னதை நிறைவேற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. அப்படி வந்தவைதான் இந்த 401.

அந்த எஞ்சினின் கர்த்தா ஃபாபியோ தால்யோனி. 1920-இல் லூகோவில் பிறந்து, பொலோஞா பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, 1954-இல் டுகாட்டியில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் அங்கேயே உழைத்தவர்; ஆர்க்கிட் மலர்களின் மீது அபாரமான பிரியம் உடையவர். ஒரு மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே தத்துவத்தின் பின்னால் செலவிடுவது யந்திர உலகில் அபூர்வம். தால்யோனி பற்றிக்கொண்ட தத்துவம், வால்வைத் திறப்பதற்கு மட்டுமின்றி மூடுவதற்கும் யந்திரத்தின் கட்டளையே இருக்க வேண்டும் என்பது. சாதாரண எஞ்சினில் காம் என்னும் சுழலும் மேடு வால்வைத் திறந்துவிட்டு விலகிக்கொள்கிறது. மூடும் பொறுப்பு ஸ்பிரிங்கினுடையது. தானே சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவை விட்டுவிட்டு நடப்பதைப் போன்றது அது. நிதானமான வேகத்தில் அதனால் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் மிதமிஞ்சிய வேகத்தில் சுழலும்போதோ, ஸ்பிரிங் காமுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது, அல்லது முறிகிறது. தால்யோனி ஒவ்வொரு வால்வுக்கும் ராக்கர் என்னும் நெம்புகோல்கள் இரண்டைக் கொடுத்தார். ஒன்று தள்ளித் திறக்கும், மற்றொன்று இழுத்து மூடும். டெஸ்மோ என்று இன்று உலகம் சுருக்கமாகச் சொல்லும் ஏற்பாடு இதுதான். இதை முதலில் நினைத்தவர் அவரல்லர். ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 1954-இலேயே தன் பந்தயக் கார்களில் இதைக் கையாண்டிருந்தது. ஆனால் மற்றவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை அவர் வைக்கவில்லை. 1956-இல் சுவீடன் தேசத்து ஹெடெமோராவில் அவருடைய 125 சி.சி. டெஸ்மோ தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. 1974-இன் 750 சூப்பர் ஸ்போர்ட், டெஸ்மோ அமைப்போடு பொதுஜனங்களுக்கு விற்கப்பட்ட முதல் இரட்டைச் சிலிண்டர் டுகாட்டி.

வண்டியின் லட்சணத்தைப் பார்த்தால், இமோலாவில் ஓடியதற்கும் கடையில் விற்றதற்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பது தெரியும். ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைந்த இரண்டு சிலிண்டர்கள். முன்னது ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்க, பின்னது நிமிர்ந்து நிற்கிறது. காற்றை வடிகட்டாமல் திறந்த வாயோடு இருக்கும் இரண்டு 40 மில்லிமீட்டர் டெல்லோர்த்தோ கார்புரேட்டர்கள். பெயரளவில் மட்டுமே சத்தத்தை அடக்கும் கோன்தி சைலன்சர்கள். கடல்நீரின் பச்சையில் வர்ணம் பூசிய சட்டம். மின்சார ஸ்டார்ட்டர் கிடையாது. காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். வெள்ளி வர்ணம் பூசிய ஃபைபர்கிளாஸ் டேங்கின் பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும் வர்ணமின்றி விடப்பட்டிருக்கும். உள்ளே எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அதன் வழியே பார்த்துக்கொள்ளலாம். பந்தயத்துக்காகச் செய்த உபாயம் அப்படியே கடைக்கு வந்துவிட்டது. அந்த ஃபைபர்கிளாஸ் வேலையின் லாவகமோ சொல்லும்படியானதல்ல. அமெரிக்கப் பத்திரிகையொன்று பரீட்சித்த வண்டியின் டேங்கில், பிசினோடு பிசினாக ஓர் ஈ உறைந்துபோயிருந்ததாக இவ்வண்டியை நேசிப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடுகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றிய அதே தொழிற்சாலை, வெளியே ஓர் ஈயை எடுத்தெறியச் சிரமப்படவில்லை. எதில் சிரத்தை வேண்டும், எதில் வேண்டாம் என்பதில் அவர்களுக்கு இருந்த தீர்மானத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. அதை நான் குற்றமாகக் கருதவில்லை.

இத்தகைய வண்டியொன்று நெடுங்காலம் நின்றுபோய்க் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தவருடைய மனத்தில் எழும் முதல் ஆசை எது என்று சொல்ல வேண்டியதில்லை. புதிய பேட்டரி ஒன்றை மாட்டி, கார்புரேட்டரில் இரண்டு சொட்டுப் பெட்ரோலை விட்டு, பிளக்கைத் துடைத்துப் போட்டு, ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட வேண்டும். முப்பது வருஷம் மௌனமாக இருந்த எஞ்சின் தம் காலுக்குப் பதில் சொல்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஆசையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஓர் உதை, நின்றிருந்த முப்பது வருஷமும் செய்யாத நாசத்தை ஒரு நிமிஷத்தில் செய்துவிடக் கூடும். காரணம், எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் உள்ளே இருக்கிறது.

இக்காலத்து எஞ்சின்களில் எண்ணெயைச் சுத்தம் செய்யக் காகித ஃபில்டர் உண்டு. அழுக்கடைந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடலாம். இந்த எஞ்சினில் அது கிடையாது. எண்ணெய் எடுக்கும் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. அது பெரிய துகள்களை மட்டும் நிறுத்தும். நுண்ணிய அழுக்கை நிறுத்துவதற்குத் தால்யோனி அந்நாளைய சம்பிரதாயத்தையே பின்பற்றினார்: கிராங்கையே ஃபில்டராக்கினார். எண்ணெய், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள உருளை பேரிங்கை அடைவதற்கு முன், கிராங்கின் உள்ளே குடைந்த ஒரு பள்ளத்தின் வழியே செல்கிறது. கிராங்க் சுழலும் வேகத்தில், எண்ணெயைவிடக் கனமான துகள்களெல்லாம் வெளிப்புறமாக வீசப்பட்டு அப்பள்ளத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தெளிந்த எண்ணெய் மட்டும் பேரிங்குக்குப் போகிறது. ஃபில்டரின் வேலையை ஃபில்டர் இல்லாமலே செய்யும் இந்த உபாயத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எந்தச் சக்தி எஞ்சினைத் தேய்க்கிறதோ அந்தச் சுழற்சியையே காவலாகவும் அமர்த்திக்கொள்வது சாமானியமான யோசனை அல்ல.

ஆனால் அந்தப் பள்ளம் எதையும் தானாக வெளியேற்றுவதில்லை. கியரிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளும், கிளட்சின் தேய்மானமும், எரிந்த எண்ணெயின் கரியும் ஆண்டாண்டாக அங்கே படிந்து, களிமண்ணைப்போல் இறுகிப்போகின்றன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் சுழற்சியே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கும். வண்டி நின்று பல வருஷம் காய்ந்து வெடித்த அப்படிவின் மீது, அழுக்கைக் கரைக்கும் குணம் கொண்ட இக்காலத்து எண்ணெய் திடீரென்று பாய்ந்தால் என்ன ஆகும்? கட்டி பெயர்கிறது, பேரிங்குக்குச் செல்லும் சிறு துவாரத்தை அடைக்கிறது, அல்லது அதன் வழியே பேரிங்குக்குள்ளேயே புகுகிறது. வெளியே நிற்பவருக்கு எஞ்சின் இனிமையாகப் பாடுவதுபோல் கேட்கும். சில நூறு கிலோமீட்டர் கழித்து அடியிலிருந்து தட்டும் சத்தம் ஒன்று எழும். அப்போது பேரிங்கும் ராடும், ராடு முறிந்துவிட்டால் இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத எஞ்சின் பெட்டியும்கூட, கையை விட்டுப் போயிருக்கும்.

அந்தப் பள்ளத்தை மூடியிருக்கும் திருகைக் கழற்றிச் சுரண்டி எடுத்துவிட்டால் அபாயம் நீங்கிவிடும். வேலை அவ்வளவுதான்; ஆனால் அந்தத் திருகை எட்டுவதற்கு எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, தலைகளைக் கழற்றி, சிலிண்டர்களை உருவி, பெட்டியை இரண்டாகப் பிளந்து, கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே இந்த வண்டியின் விஷயத்தில், மேலோட்டமாகச் சுத்தம் செய்து ஓட விடுவது என்ற நடுவழியே கிடையாது. முழுமையாகத் திறக்க வேண்டும். இல்லையேல் உதைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

திறந்தபின் வரும் வேலையில் பெரும்பகுதி பொறுமையைச் சேர்ந்தது. காம்களைச் சுழற்றுவது சங்கிலியோ பெல்ட்டோ அல்ல. கிராங்கிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் செல்லும் தண்டும், அதன் இரு முனைகளிலும் உள்ள கூம்புப் பல்சக்கரங்களும்தான். இச்சக்கரங்கள் ஜோடி ஜோடியாகப் பொருந்தி ஓடுபவை. ஒரு ஜோடியைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் அழும். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையிலுள்ள விலகலை, மயிரிழைத் தடிப்புள்ள ஷிம் தகடுகளை இட்டும் எடுத்தும் சரிபார்க்க வேண்டும். அதன்பின் வால்வுகள். திறக்கும் ராக்கருக்கு ஒரு ஷிம், மூடும் ராக்கருக்கு ஒன்று, அதைத் தாங்கிப் பிடிக்க வால்வுத் தண்டின் பள்ளத்தில் உட்காரும் இரண்டு மெல்லிய அரைவளையங்கள். மூடும் பக்கத்தில் இடைவெளி ஏறக்குறைய இல்லாதிருக்க வேண்டும். ஆனால் இறுகவும் கூடாது. அளந்து, கழற்றி, தேய்த்து, மாட்டி, மீண்டும் அளக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே இந்த எஞ்சினைச் சேர்ப்பதற்குத் தேர்ந்த கைகளும் மிகுந்த நேரமும் வேண்டியிருந்தன. பின்னாளில் டுகாட்டி இந்தத் தண்டுகளைக் கைவிட்டுப் பல் பெல்ட்டுக்கு மாறியதற்கு அச்செலவும் ஒரு காரணம். பிரிக்கும்போதே ஒவ்வொரு ஷிம்மும் எங்கிருந்து வந்தது என்று தனித்தனி உறையில் இட்டு எழுதிவைப்பவர் இந்த வேலையில் தேறுவார். ஞாபகத்தை நம்புபவரிடம் இந்த எஞ்சினை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

பிரேக், டயர் முதலியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்டன்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்திருக்கும். ஃபோர்க் சீல்கள் காய்ந்திருக்கும். டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். இவற்றையெல்லாம் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். உயிருக்கு ஈடான பாகங்களில் பழமையைப் போற்றுவது பக்தியாகாது.

டேங்க்தான் உண்மையான தர்மசங்கடம். அதன் பிசின், அக்காலத்துப் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்தது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அப்பிசினை இளக்கிவிடுகிறது. டேங்க் உப்புகிறது, வர்ணம் கொப்புளிக்கிறது, கரைந்த பிசின் பெட்ரோலோடு இறங்கிக் கார்புரேட்டரின் துவாரங்களிலும் வால்வுத் தண்டுகளிலும் கோந்தைப்போல் படிகிறது. ஸ்பிரிங் எஞ்சினில் ஒட்டிக்கொண்ட வால்வு திறந்தபடியே நின்றுவிடும்; டெஸ்மோவிலோ, ஒட்டிக்கொண்டதையும் இழுத்து மூட ராக்கர் முயலும்; அந்தப் பாரமெல்லாம் அந்த மெல்லிய அரைவளையங்களின் மீது விழும். உள்ளே எபாக்ஸி பூசிக்கொண்டு பழைய டேங்கையே உபயோகிப்போர் உண்டு. அந்தப் பூச்சும் ஒருநாள் உரிகிறது என்பதால், அலுமினியத்தில் அதே வடிவில் செய்த டேங்கை ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு, பழையதை உலர்த்திப் பத்திரப்படுத்துவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அசலைக் காப்பாற்றுவதற்காக அசலை விலக்கிவைப்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். பெட்ரோலில் கரைந்து போனபின் அசல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி, ஓடச் செய்வதோடு நிற்காமல் புதியதாகவே ஆக்கிவிட வேண்டும் என்ற மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று இவ்வண்டியின் விலை ஒரு வீட்டின் விலையை எட்டுகிறது. விலை உயர உயர, அலங்காரமும் உயர்கிறது. சட்டத்தை உரித்து மீண்டும் பச்சை பூசுகிறார்கள். தொழிற்சாலை ஒருநாளும் பூசாத மெருகைப் பூசுகிறார்கள். மேடுபள்ளமாக இருந்த ஃபைபர்கிளாஸை இழைத்து நீர்ப்பரப்பாக ஆக்குகிறார்கள். கடைசியில் நிற்பது, 1974-இல் யாரும் கண்டிராத வண்டி. இதில் அழகுக்கேடு மட்டுமல்ல, நஷ்டமும் உண்டு. எண்ணிக்கை குறைவான இவ்வண்டிக்குப் போலிகள் மிகுதி. டுகாட்டியின் சாதாரண 750 ஜி.டி.யையும் 750 ஸ்போர்ட்டையும் எடுத்து, பச்சைச் சட்டமும் வெள்ளி வர்ணமும் கொடுத்து, இதுவென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அசலின் எஞ்சின் எண் 075 என்று தொடங்கும் என்பதை அறிந்தவர்கள், அந்த எண்ணைப் பொறிக்கவும் அறிவார்கள். அப்படியிருக்க, அசலுக்குச் சாட்சி சொல்ல மிஞ்சுவது எது? ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு தொழிலாளி அவசரமாக இட்ட வெல்டிங், பிசினில் ஓடிய நரம்பு, நகம்படாத இடத்தில் தங்கிவிட்ட முதல் வர்ணம், இவைதாம். அவற்றைத் தேய்த்து அழிப்பவர் தம் வண்டியின் சாசனத்தைத் தாமே அழிக்கிறார். புதிதாகவே வேண்டுவோருக்காக டுகாட்டி 2006-இல் பால் ஸ்மார்ட்டின் பெயரிலேயே, பச்சைச் சட்டத்தோடு 2000 வண்டிகளைச் செய்தது. அவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம்.

எஞ்சினுக்குள் தயவு தாட்சண்யமின்றி அனைத்தையும் திறந்து பார்ப்பதும், வெளியே பெரும்பாலும் கையை வைக்காமல் விடுவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் தொழிற்சாலையின் அந்தப் பழைய தீர்மானத்தோடு ஒத்துப்போகின்றன. சிரத்தை வேண்டிய இடம் உள்ளே இருந்தது, இப்போதும் உள்ளேதான் இருக்கிறது. இது நிறுத்தி அழகு பார்ப்பதற்காகப் பிறந்த வண்டியும் அல்ல. அமெரிக்காவில் குக் நீல்சன் என்ற பத்திரிகாசிரியர் தாம் வாங்கிய 750 சூப்பர் ஸ்போர்ட்டைத் தம் சகாவான ஃபில் ஷில்லிங்கின் துணையோடு திருத்தித் திருத்தி, 1977-இல் டேட்டோனாவில் சூப்பர்பைக் பந்தயத்தை வென்றார். 2021-இல் இறந்த ஸ்மார்ட் முதுமையிலும் மோட்டார் சைக்கிளை விட்டவரல்லர். இந்த வண்டியை உண்டாக்கியவர்களும் அறிந்தவர்களும் அதை ஓட்டினார்கள்.

ஆகவே இந்த 401-இல் ஒன்றைக் கிடங்கில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. உதைத்துப் பார்க்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வண்டியை இருக்கிறபடியே, அழுக்கோடு, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, இந்த எஞ்சினின் கிராங்கைத் தம் கையால் திறந்து சுத்தம் செய்திருக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருங்கள். அவரிடமிருந்து திரும்பி வந்தபின் அதை மறுபடியும் கம்பளத்தின் மீது நிறுத்திவிடாமல், மாதம் ஒருமுறையாவது, எண்ணெய் நன்றாகச் சூடாகும் தூரம் வரைக்கும் ஓட்டுங்கள்.